மிருதுளாவுக்குத் தெரிந்துபோயிற்று

மகளின் புத்தகப் பையை அர்த்தநாரி வேண்டுமென்று சோதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கழுவாமல் கிடந்த டிஃபன் டப்பாவை எடுக்கத்தான் கையை விட்டார். அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பதினேழு வயதுப் பெண்ணின் பையில் அப்பன்மார்களுக்கு என்னென்னவோ அகப்படும். அர்த்தநாரிக்கு அகப்பட்டது பிளஸ் டூ இயற்பியல் புத்தகம், இரண்டாம் தொகுதி. அது புதுக்கருக்கு மாறாமல் இருந்திருந்தாலாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். முனை மடங்கி, அட்டை கிழிந்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. ஓரிடத்தில் 'இது தப்பு' என்று எழுதி, பக்கத்திலேயே சரியானதையும் எழுதி வைத்திருந்தாள்.

கேள்வித் தேர்வுக்கு இன்னும் ஐந்தே நாள்தான் இருந்தது.

ஒரு பெண் பாடப் புத்தகம் படித்ததற்கு அப்பன் இப்படி இடிந்துபோய் உட்கார்வானா என்று கேட்பவர்கள், 2043-ஆம் ஆண்டுக்கு முந்தைய ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடலாம்.

மனப்பாடம் ஒழிய வேண்டும், பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டு அறிவியல் கற்க வேண்டும் என்று ஒரு பாடத்திட்டக் குழு ஆறு வருடம் உட்கார்ந்து யோசித்தது. எல்லாரும் நல்லவர்கள், ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவர்கள் கண்டுபிடித்த கருவிக்குப் பெயர் வினவி. சொம்பு அளவில் ஒரு விளக்கு, கூடவே மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. பட்டையைக் கட்டிக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். விடை ஏற்கெனவே தெரிந்தவர் கேட்டால் விளக்கு எரியாது. விடையும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது என்றால் மஞ்சளாக எரியும். தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது என்கிற நிலையில் கேட்டால் பச்சை. நாடி, வியர்வை, குரல் நடுக்கம் என்று எதையெதையோ கூட்டிக் கழித்து அது உண்மையைச் சொல்லிவிடும். பச்சைக்கு முப்பது மதிப்பெண். மஞ்சளுக்கும் இருட்டுக்கும் சைபர். இதில் சைபர் என்றால், எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு எழுபது வாங்கியிருந்தாலும் ஃபெயில்தான்.

கேள்விக்கு விடையைப் பிள்ளைகள் தாங்களே சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இரண்டாம் பகுதி ஒன்றும் இருந்தது. அதற்கு மதிப்பெண் ஒதுக்குவதில் குழுவுக்குள் சண்டை வந்ததால், மதிப்பெண் இல்லாமலே விட்டுவிட்டார்கள். மதிப்பெண் இல்லாததை நம் ஊரில் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

முதல் வருடம் 'பச்சை நிச்சயம்: 501 முக்கிய ஐயங்கள்' என்று கைடு வந்தது. பிள்ளைகள் ஐந்நூற்றொன்றையும் மனப்பாடம் செய்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று விடையையும் சேர்த்தே மனப்பாடம் செய்தார்கள். மாநிலம் முழுக்க விளக்குகள் இருண்டு கிடந்தன. மாவட்டத்திலேயே ஒரே ஒரு மாணவனுக்குப் பளீரென்று பச்சை எரிந்தது. அவன் கேட்டது, "சார், மத்தியானச் சாப்பாட்டு பெல் எப்ப அடிக்கும்?" அதன் பிறகுதான், கேள்வி ஆராய்ச்சிக்குரியதா என்று தேர்வாளர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று துறை ஒரு திருத்தம் போட்டது.

இந்த நேரத்தில்தான் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருந்த நாச்சிமுத்து வித்யா பவனின் தாளாளர் நாச்சிமுத்துவுக்கு ஞானம் வந்தது. பள்ளிக்கூடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் இருபத்தேழு வருடம் கோழிப் பண்ணை நடத்தியவர். ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"முட்டைய ஒடச்சுப் பாத்துப்போட்டுச் சந்தைக்கு அனுப்புனா எவனுங்க வாங்குவான்? இந்தப் பசங்கள நாம ஒடச்சு ஒடச்சுப் பாத்துப்போடறோம். அதான் வெளக்கு எரிய மாட்டீங்குது. விடை தெரியாத புள்ளைக்குத்தான பச்சை? அப்பத் தெரியாமப் பாத்துக்கோணும். அவ்வளவுதானுங்க சமாச்சாரம்."

அப்படிப் பிறந்ததுதான் தெரியாமை காப்புத் திட்டம். பாடப் புத்தகங்கள் தீவனக் கிடங்குக்குப் போய்ப் பூட்டுக்குள் இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஐயம் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கிய நாள் முதல் தேர்வு நாள் வரை, அந்த விடை அந்தப் பிள்ளையின் காதில் விழாமல் காப்பாற்றுவோம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பிரணேஷ் என்ற பையனுக்கு 'வானம் ஏன் நீலமாக இருக்கிறது' என்பதை ஒதுக்கியிருந்தார்கள். டிசம்பரில் ஒரு நாள் அவனுடைய அம்மா பள்ளிக்கு அழுதுகொண்டே ஓடிவந்தார். "முடி வெட்டப் போன எடத்துல டிவியில சொல்லிப்போட்டாங்க சார். புள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி என்னங்க சார் பண்றது?" அவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி, பையனுக்கு நிலாவைப் பற்றி ஒரு புது ஐயம் ஒதுக்கி அனுப்பிவைத்தவர் அர்த்தநாரிதான்.

அவர்தான் பள்ளியின் ஐயப் பொறுப்பாசிரியர். தெரியாமல் வைத்திருப்பதை எந்த வாட்ச்மேனும் செய்துவிடலாம். மஞ்சளைப் பச்சையாக்குவதில்தான் அர்த்தநாரியின் கைராசி இருந்தது. ஒரு விஷயத்தைச் சுவையாகச் சொல்லிக்கொண்டே போவார். "ஐஸ்கட்டி தண்ணியில மெதக்குது. ஆனா இரும்பு உருகுனா, கட்டி இரும்பு உருகுன இரும்புக்குள்ள முழுகுது. ஐஸுக்கு மட்டும் அப்படி என்ன வந்துது தெரியுமா?" என்று கேட்பார். சரியாக அந்த இடத்தில் டஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். எட்டு மாதம் கழித்தும் பிள்ளைகள் தவித்துக்கொண்டிருப்பார்கள். போன வருடம் சேலம் நெடுஞ்சாலையில் வைத்த ஃப்ளெக்ஸில், 'தேர்வு எழுதியோர் 214, விடை தெரியாதோர் 214' என்று போட்டு, பக்கத்தில் அவர் படத்தையும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து உறவுக்காரர்கள் போன் பண்ணி வாழ்த்தினார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டில்தான் இந்தப் புத்தகம் அகப்பட்டது.

"மிருதுளா!" என்று கூப்பிட்டார். வந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எட்டாவதுல இருந்துங்கப்பா."

"இதொண்ணுதானா? இல்ல வேற புஸ்தகமும் இருக்குதா?"

"காலேஜ் புஸ்தகம் கொஞ்சம் பாத்தேன். அப்பறம் பழைய பேப்பர் கடையில ஒண்ணு ரெண்டு."

"உனக்கு ஒதுக்குனது ஐஸ்கட்டியில்ல கண்ணு? அதையாச்சும் படிக்காம விட்டியா?"

"அது எட்டாவதுலயே தெரியுமுங்கப்பா. நீங்க பாதியில நிறுத்திட்டு வெளிய போனீங்க. நான் வீட்டுக்கு வந்து பாத்துட்டேன்." நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "ஒரு கேள்வி வந்துட்டா விடை பாக்காம எப்படிப்பா இருக்கறது? எனக்கு ஆகவே மாட்டீங்குது. மத்தவங்கெல்லாம் எப்படி எட்டு மாசம் வெச்சுக்கிட்டு இருக்காங்கன்னே தெரியல."

அர்த்தநாரிக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. பள்ளியில் ஒத்திகைக்கு வைத்திருந்த வினவி ஒன்று வீட்டில் இருந்தது. மேஜைமேல் வைத்து, மகள் கையில் பட்டையைக் கட்டினார்.

"கேளு. வாய்க்கு வந்ததக் கேளு."

அவள் கேட்டாள். இருட்டு. வேறொன்றைக் கேட்டாள். இருட்டு. அர்த்தநாரி நினைவில் இருந்த ஐயங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். எதற்கும் விளக்கு அசையவில்லை. பரணில் இருந்து எம்.எஸ்ஸி. நோட்டுகளைப் பெட்டியோடு இறக்கினார். அவருக்கே புரியாமல் பரீட்சை எழுதிய பகுதிகள் அதில் இருந்தன. அவற்றைக் கேட்கச் சொன்னார். இருட்டு. "இது உனக்குத் தெரியுமா?" என்றார் நம்பாமல். அவள் விளக்கினாள். அர்த்தநாரிக்கு இருபத்தெட்டு வருடமாகப் புரியாத ஒன்று அன்று புரிந்தது. அதற்காகச் சந்தோஷப்படும் நிலையில் அவர் இல்லை.

கடைசியில், உலகத்தில் யாருக்குமே விடை தெரியாத கேள்வியைக் கேட்கச் சொன்னார். பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பொருள் எதனால் ஆனது என்று கேட்டாள். விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"ஏங்கண்ணு, இதத் தெரிஞ்சுக்கோணும்னு உனக்கு ஆசையில்லியா?"

"அதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்கப்பா. நான் இங்கிருந்து என்ன பண்றது?"

வேறு வழி தெரியாமல் தாளாளருக்குப் போன் போட்டார். நாச்சிமுத்து முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஒரு முட்டை கூமுட்டையாப் போச்சுன்னா தட்டுல இருந்து எடுத்து வெச்சரோணும் சார். புள்ளைக்கு ஒடம்பு செரியில்லைன்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க. பரீட்சைக்கு வர வேண்டாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம். இந்த வருசம் இருநூத்தி முப்பதுக்கு இருநூத்தி முப்பதுன்னு ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிப்போட்டனுங்க."

"செரிங்க சார்" என்றார் அர்த்தநாரி. இருபது வருடமாக அவரிடம் சொல்லிப் பழகிய வார்த்தை, யோசிக்கும் முன்பே வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது. மிருதுளா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். போனில் பேசியது அவளுக்கும் கேட்டிருக்கும். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் லெட்டர் எழுத வெள்ளைத்தாள் தேடினார். மகளைக் கூமுட்டை என்று ஒருவன் சொல்ல, அதற்குச் சரி என்று சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது.

மிருதுளா பெட்டியில் இருந்த ஒரு பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அது 2015-இல் அர்த்தநாரி எழுதிய பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டு. தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று அளந்து, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிப்பது. சட்டென்று எழுந்து போய்த் தன்னுடைய ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, ரெண்டுலயும் விடை 9.79."

"எல்லாருக்கும் அதான் வரும்."

"விடைய விடுங்க. ரீடிங்கும் அதேதான். நாலாவது ரீடிங்ல 38.2-ன்னு எழுதி, அடிச்சுட்டு 38.1-ன்னு எழுதியிருக்கீங்க. என்னோடதுலயும் அதே எடத்துல அதே அடித்தல் இருக்குது. நான் போன வருசம் படிச்ச தேஜஸ்வினி அக்கா ரெக்கார்டப் பாத்து எழுதுனேன். அந்தக்கா அடிச்சிருந்துது, நானும் அடிச்சு எழுதிட்டேன்."

அர்த்தநாரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவரும் ஒரு சீனியரைப் பார்த்துத்தான் எழுதினார். அந்தச் சீனியரின் நோட்டிலும் அந்த அடித்தல் இருந்தது நினைவுக்கு வந்தது. அடித்தலோடு எழுதினால் உண்மையாகச் செய்த மாதிரி இருக்கும் என்று அந்த அண்ணன் சொல்லிக்கூடக் கொடுத்தான்.

"ஏப்பா, இந்தக் குண்ட நெசமாலுமே யாராச்சும் ஆட்டிப் பாத்திருக்காங்களா? நம்ம லேப்ல இருக்கற ஊசல ஆட்டுனா எவ்வளவு வரும்?"

மேஜையில் பச்சை எரிந்தது. வீடே பச்சையாகத் தெரிந்தது. அர்த்தநாரி துள்ளி எழுந்து, மகளின் கையில் இருந்த பட்டையை அவசர அவசரமாகக் கழற்றினார். முதல் காரியமாக வெள்ளைத்தாளைக் கசக்கி எறிந்தார்.

"போதும், போதும். இதான் உன்ற கேள்வி. வெள்ளிக்கெழம வரைக்கும் இத அப்படியே வெச்சிரு. ஆட்டிப் பாத்திராத, தங்கம். உங்கப்பனுக்காக. அஞ்சே நாளுதான்."

"சரிப்பா" என்றாள் அவள். அவளுக்கே அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

அடுத்த நான்கு நாள் அர்த்தநாரி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் இருந்த நூல்கண்டு, சணல், பார்சல் கயிறு எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். கொல்லையில் துணி காயப்போடும் கொடியை அறுத்துவிட்டார். மனைவி பரிமளா ஈரத்துணி வாளியோடு வந்து நின்று, "ஏனுங்க, புள்ளையப் பரீட்சைக்கு அனுப்பறீங்களா, இல்ல குடும்பத்தோட சாமியாராப் போறமா?" என்று கேட்டாள். அவர் கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். தாளாளரிடம் மட்டும், பச்சை கிடைத்துவிட்டது, பெண் தேர்வுக்கு வருவாள் என்று சொல்லிவைத்தார்.

இதில் அவர் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கேள்வி அவரையே பிடித்துக்கொண்டது. டவுன் பஸ்ஸில் தொங்கும் கைப்பிடி ஆடினால் கண் அதன் பின்னாலேயே போயிற்று. ஒருமுறை இருபது வரை எண்ணிவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் விட்டோமே என்று நொந்துகொண்டார். இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தியிருக்கிறார். கரும்பலகையில் குறைந்தது நூறு தடவை 9.79 எழுதியிருப்பார். ஒரு தடவைகூட அந்தக் குண்டை ஆட்டிப் பார்த்ததில்லை. லேப் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. மகளை அடக்கிவைத்துவிட்டுத் தான் மட்டும் பார்ப்பது நியாயமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெளித் தேர்வாளராக வந்தவர் எஸ்தர் ராஜகுமாரி. சொந்த ஊர் நாசரேத் பக்கம், வேலை கரூரில். தேர்வாளர் வருகிறார் என்றால் இளநீர், முந்திரி பிஸ்கட், மத்தியானம் பிரியாணி என்று வரிசை வைப்பது பள்ளியின் வழக்கம். இந்த அம்மாள் இளநீரை மட்டும் குடித்துவிட்டு, "பிரியாணியெல்லாம் பெறவு பாக்கலாம். வெளக்க எடுங்க சார்" என்றார்.

சொந்த மகள் தேர்வு எழுதுவதால் அர்த்தநாரி உள்தேர்வாளராக உட்காரக் கூடாது. ஆனால் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்கில்டு அசிஸ்டண்டாக நிற்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அதனால் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வினவிக்கு இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று மாணவருக்கு. இரண்டாவது, ஒவ்வொரு மாணவருக்கும் முன்னால் விளக்கைச் சோதித்துக் காட்ட. அர்த்தநாரி இரண்டாவதைக் கட்டிக்கொண்டு, "தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?" என்று கேட்பார். விளக்கு எரியாது. கருவி சரியாக இருக்கிறது என்று எஸ்தர் டிக் அடிப்பார். பிறகு மாணவர் கேட்பார். எரியும்போது விளக்கின் பின்பக்கத்தில் எந்தப் பட்டை என்று சின்னதாக ஓர் எண் தெரியும்.

காலை முழுக்கப் பச்சை மழைதான். பிள்ளைகள் எட்டு மாதத் தவிப்பையும் கொட்டிக் கேட்டார்கள். பிரணேஷ் நிலாவைப் பற்றிக் கேட்கும்போது அழுதேவிட்டான். எஸ்தர் ஒவ்வொருவரிடமும், "செரி, இத எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கு மதிப்பெண் கிடையாதே. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

பன்னிரண்டேமுக்காலுக்கு மிருதுளா வந்தாள். அர்த்தநாரி தண்ணீர் கொதிக்கும் கேள்வியைக் கேட்டார். குரல் பிசிறியது. விளக்கு எரியவில்லை. எஸ்தர் டிக் அடித்தார். மிருதுளா பட்டையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு ரெக்கார்டு நோட்டுகளையும் மேஜையில் விரித்து, அடித்தலைக் காட்டினாள். எஸ்தர் குனிந்து பார்த்தார். அவர் உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. நாசரேத்திலும் 38.2-ஐ அடித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

"இந்த லேப்ல இருக்கற ஊசல நெசமாவே ஆட்டுனா, எவ்வளவு வரும் மிஸ்?" என்றாள் மிருதுளா. முகத்தில் ரத்தமே இல்லை.

பச்சை எரிந்தது.

"முப்பது" என்று சொல்லி எஸ்தர் எழுதினார். அர்த்தநாரிக்கு உயிர் வந்தது. மகளைப் பார்த்தார். அவள் சந்தோஷப்படவில்லை, வாயைப் பிளந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரியும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. அப்போதுதான் அர்த்தநாரி விளக்கின் பின்பக்கத்தைப் பார்த்தார். எண் 2. பதற்றத்தில் தன் கைப் பட்டையைக் கழற்ற மறந்திருந்தார்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் எப்படியோ ஆட்டிப் பார்த்துவிட்டாள். தெரியாமல் நிற்பது தான்தான். நான்கு நாளாகத் தன்னை அரித்த கேள்வி மகளின் கணக்கில் எரிந்திருக்கிறது. எண் தெரிவது தன் பக்கம் மட்டும். தேர்வாளருக்குத் தெரியாது, மிருதுளாவுக்குத் தெரியாது, சாப்பிடக் கூப்பிடுவதற்காக வாசலில் வந்து நிற்கும் நாச்சிமுத்துவுக்கும் தெரியாது. சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பது அவருக்குப் புதிதும் அல்ல. மகள் இன்னும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கிறவளாக. இன்று இல்லாவிட்டால் நாளை கண்டுபிடித்துவிடுவாள். அதை நினைத்துத்தான் பயந்தாரா, வேறு எதையாவது நினைத்தாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"மேடம்," என்றார். "அது என்ற பட்டைங்க. ரெண்டாம் நம்பர். தெரியாதவன் நானுங்க, அவ இல்ல."

வாசலில் நாச்சிமுத்து நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் லேப் முழுக்கக் கேட்டது. எஸ்தர் எழுந்து வந்து விளக்கைச் சுற்றிப் பார்த்தார். பேனாவை எடுத்து முப்பதை அடித்தார்.

"பாப்பா, நீ ஆட்டிப் பாத்துட்டியாம்மா?"

"ஆமா மிஸ். புதன்கிழமை மத்தியானம். பரீட்சைக்குக் கூட்டறதுக்காக லேபத் தொறந்து போட்டிருந்தாங்க. தலைக்குக் கட்டுன ரிப்பன்ல குண்டக் கட்டி ஆட்டிட்டேன். வேற கயிறு கெடைக்கல. வேண்டாம்னுதான் நெனச்சேன், முடியல."

அர்த்தநாரி பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். சணல், பார்சல் கயிறு, கொடிக்கயிறு எல்லாம் ஞாபகம் வைத்தவர், ரிப்பனை விட்டுவிட்டார்.

"ஒனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றார் எஸ்தர். "வேற கேள்வி இருந்தாக் கேளு."

மிருதுளா தேர்வாளர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவையே பார்த்தாள். முப்பது மதிப்பெண், தேர்ச்சி, ஒரு வருடம் எல்லாமே போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போயிருக்காது. இந்த மனுஷன் இப்படிச் செய்து அவள் பார்த்ததே இல்லை.

"ஏம்ப்பா சொன்னீங்க?" என்றாள்.

விளக்கு பச்சையாக எரிந்தது. காலையிலிருந்து எரிந்த எந்தப் பச்சையும் அப்படி எரியவில்லை. எஸ்தர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். எண் 1.

முதலில் சுதாரித்தவர் நாச்சிமுத்துதான். "பிசிக்ஸ்தானுங்க மேடம்!" என்று வாசலில் இருந்தே கத்தினார். "சுத்தமான பிசிக்ஸுங்க!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் எஸ்தர். அர்த்தநாரி மகளுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். எஸ்தர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "சார், நீங்களும்தான். பச்ச விழுந்த கேள்விக்கு யாரும் பதில் சொல்லப்படாது. அவதான் கண்டுபிடிக்கணும்." பிறகு மிருதுளாவிடம் திரும்பினார். காலையிலிருந்து யாரும் பதில் சொல்லாத கேள்வியைக் கேட்டார். "செரி, இத எப்படிம்மா கண்டுபிடிப்ப?"

மிருதுளா யோசித்தாள். அவசரப்படவில்லை.

"பக்கத்துல இருந்து கவனிச்சுப் பாக்கணும் மிஸ். ஒரு தடவ பாத்து முடிவு பண்ண முடியாது. வேற வேற சந்தர்ப்பத்துல என்ன பண்றாருன்னு பாத்து எழுதி வெக்கணும். ரீடிங் நெறைய வேணும்."

"எத்தன நாளாகும்?"

"தெரியல மிஸ். கொஞ்ச வருசம் ஆகும்."

எஸ்தர் படிவத்தில் 'ஆராயத்தக்கது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அடித்த முப்பதுக்குப் பக்கத்தில் மறுபடியும் முப்பது என்று எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த அடித்தலு நெசமானது," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நாச்சிமுத்து முன்னால் ஓடினார்.

லேபில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். பதில் சொல்லக் கூடாது என்று தடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்று அர்த்தநாரி நினைத்தார். தடுக்காமல் விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே விளங்கவில்லை.

"உனக்கு எவ்வளவு வந்துது?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் மிருதுளா. ஸ்டாண்டை இழுத்து வைத்து, குண்டைத் தொங்கவிட்டு, ஸ்டாப் வாட்சை அவர் கையில் கொடுத்தாள்.

பத்து நிமிடம் கழித்து, பிரியாணி ஆறுகிறது என்று சொல்ல நாச்சிமுத்து திரும்பி வந்தார். ஃப்ளெக்ஸில் போட மிருதுளாவின் போட்டோ ஒன்று வேண்டும் என்றும் சொல்ல வந்தார். பதினான்கு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டிருந்த அர்த்தநாரி, குண்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், பேசாதீர்கள் என்று அவருக்குக் கையைக் காட்டினார்.